கட்டளைக்கு முன்னும் பின்னும்

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் என்ற கருவியில் நன்றாகப் பழகிய ஒருவர் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தால் ஒன்று புலப்படும். அவர் அடிக்கிற கட்டளைகளில் பாதிக்குமேல் எதையும் மாற்றாதவை. கமிட் போடுவதற்கு முன் கிட் ஸ்டேட்டஸ், அடுத்து கிட் டிஃப். கமிட் போட்ட கையோடு கிட் லாக். பிராஞ்ச் மாறியதும் மறுபடியும் ஸ்டேட்டஸ். இதை யாரும் அவருக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். சூடுபட்டுச் சூடுபட்டுத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். பாடப்புத்தகத்தில் ஆட், கமிட், புஷ் என்று மூன்று வரி இருக்கும். அந்த மூன்று வரிகளுக்கு நடுவில் கண் எங்கே போகிறது, எதைப் பார்த்துத் திருப்தியான பிறகு விரல் நகர்கிறது என்பது அச்சில் வருவதில்லை.

மென்பொருள் கருவிகளைப் பற்றித் தமிழில் வீடியோ பாடங்கள் பதிவு செய்கிறேன். என் வேலை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கட்டளையை எங்கு வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். கட்டளைக்கு முன்னும் பின்னும் நடப்பதைக் காட்ட வேண்டுமானால் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும்; முடியாதபோது வீடியோதான் வழி.

பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை. நல்ல கம்பெனியில் சேர்ந்தவருக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு சீனியர் இருப்பார். ஊர் ஓரத்து இன்ஜினியரிங் கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு இருப்பது லேப் நேரமும் ரெக்கார்டு நோட்டும். நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட், ரிசல்ட் என்று வரிசையாக எழுதி, கடைசியில் நிரல் வெற்றிகரமாக இயங்கியது என்ற வாக்கியத்தோடு கையெழுத்து வாங்குவார்கள். எரர் வந்த நிலைக்கு அந்த நோட்டில் ஒரு பக்கம்கூட ஒதுக்கப்படுவதில்லை. நாலு வருஷம் அப்படி எழுதிப் பழகிய பிள்ளைக்கு, எரர் என்றாலே தான் எதையோ கெடுத்துவிட்டோம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. எரரைப் படிப்பதுதான் இந்தத் தொழிலில் தினசரி வேலை என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். சொன்னால் ஏறாது. ஒருவர் பதற்றமில்லாமல் அதைப் படிப்பதைப் பார்த்தால் ஏறும்.

திரையைக் காட்டிக்கொண்டே பேசுவது நம் காலத்துக் கண்டுபிடிப்பு இல்லை. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் நடத்திய செயல்விளக்கத்தில் மவுஸும் ஹைப்பர்டெக்ஸ்ட்டும் முதன்முதலாகப் பெரிய கூட்டத்துக்கு முன் வந்தன. கணினித் திரையும் அவர் முகமும் ஒரே படத்தில் சேர்ந்து தெரிந்தன. உலகம் பார்த்திராத ஒரு கருவியைக் காட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, கடையில் வாங்கவேண்டிய சாமான் பட்டியல். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். கருவி புதியதாக இருக்கும்போது உதாரணம் பழையதாக, விளக்கமே தேவைப்படாததாக இருக்க வேண்டும். வங்கி மென்பொருளை உதாரணமாக வைத்து கிட் சொல்லித்தருகிற பாடங்களைப் பார்த்திருக்கிறேன். பார்ப்பவர் வங்கியைப் புரிந்துகொள்வதா, கிட்டைப் புரிந்துகொள்வதா?

2005இல் டேவிட் ஹைனமையர் ஹான்சன், ரூபி ஆன் ரெயில்ஸைக் கொண்டு 15 நிமிடத்தில் ஒரு வலைப்பதிவு மென்பொருளைக் கட்டிக்காட்டிய வீடியோ உலகம் முழுக்கப் பேசப்பட்டது. அது ஆசையைக் கிளப்புவதற்கான வீடியோ. அந்த வேலையை அற்புதமாகச் செய்தது. கூடவே செய்து பழகுவதற்கு வேறு வகை வேண்டும். ரயன் பேட்ஸ் 2007இலிருந்து 2013 வரை வெளியிட்ட ரெயில்ஸ்காஸ்ட்ஸ் வரிசையில் அது கிடைத்தது: ஒரு வீடியோவுக்கு ஒரே விஷயம், சுருக்கமாக, நிதானமாக.

ஆனால் என் மெய்யான பாடசாலை ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம். பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய அந்தத் திட்டத்தில் ஒவ்வொரு பாடமும் ஏறக்குறைய 10 நிமிடம். கட்டற்ற மென்பொருள்களைப் பற்றிய பாடங்கள் ஆங்கிலத்தில் உருவாகி, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் மாற்றப்படுகின்றன. பதிவுக்கு முன் எழுதப்படும் ஸ்கிரிப்ட் இரண்டு பத்திகளாக இருக்கும்: ஒன்றில் திரையில் என்ன நடக்க வேண்டும், மற்றதில் குரல் என்ன சொல்ல வேண்டும். பதிவு செய்வதற்கு முன்னாலேயே அந்த ஸ்கிரிப்டை, அந்த மென்பொருளைத் தொட்டே பார்க்காத ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள். அவர் எங்கே நிற்கிறாரோ அங்கே ஸ்கிரிப்ட் திருத்தப்படும். பார்ப்பவரும் திரையில் ஒரு பாதியில் பாடத்தையும் மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக்கொண்டு கூடவே செய்ய வேண்டும் என்பது அவர்கள் வகுத்த முறை.

அந்தப் புதியவர் சோதனையை நான் ஒருநாளும் விடுவதில்லை. அக்கம்பக்கத்தில் முதலாண்டு படிக்கும் பிள்ளை யாராவது அகப்படுவார்கள். ஸ்கிரிப்டைக் கையில் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பேன். டெர்மினலைத் திறக்கவும் என்று நான் எழுதிய வரியிலேயே சிலர் நின்றுவிடுவார்கள். கோப்பைச் சேமிக்கவும் என்றால் எந்த ஃபோல்டரில் என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தல் ஒவ்வொன்றும் ஸ்கிரிப்டில் ஒரு வரியாகச் சேரும்.

பதிவுக்கான மேடையை அமைப்பதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லாத சில விஷயங்கள் உண்டு. பதிவுக்கென்று கணினியில் தனி யூசர் கணக்கு. அதில் என் மெயில், வாட்ஸ்அப், பழைய கட்டளை வரலாறு, ஏபிஐ சாவி எதுவும் இருக்காது. ஒரே ஒரு ஃபிரேமில் சாவி தெரிந்தாலும் வீடியோவை நிறுத்திப் படித்துவிட முடியும். டெர்மினல் பிராம்ப்டில் கணினியின் பெயர், பாதை, நேரம் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஒரு டாலர் குறி மட்டும் வைப்பேன். டெர்மினலின் அளவு 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். 1978இல் வந்த விடி100 முனையத்தின் அளவு அது. 1920க்கு 1080 பிக்சல் திரையை அது முழுக்க நிரப்பும்படி எழுத்தைப் பெரிதாக்கினால் ஒவ்வொரு எழுத்துக்கும் 24 பிக்சல் அகலமும் 45 பிக்சல் உயரமும் கிடைக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து செல்போனில் பார்ப்பவருக்கும் படிக்க வரும். அந்த அளவுக்குள் அடங்காத வெளியீட்டை நான் ஒரே நேரத்தில் காட்டுவதே இல்லை, ஏனென்றால் அதற்கு மேல் யாரும் படிக்கப்போவதும் இல்லை.

நிறத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கறுப்புப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்து நம் மானிட்டரில் கூர்மையாகத் தெரியும், வீடியோவில் கரைந்துபோகும். வழக்கமான வீடியோச் சுருக்க முறையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் பிரகாசம் தனித்தனியாகச் சேமிக்கப்படுகிறது. நிறமோ நான்கு பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில்தான். கறுப்புக்கும் அடர் சிவப்புக்கும் பிரகாசத்தில் வித்தியாசம் குறைவு. அந்த எழுத்தைத் தாங்கிப் பிடிப்பது நிறம் மட்டுமே, அதையும் சுருக்கம் தேய்த்துவிடுகிறது. கிட் டிஃப்பில் நீக்கப்பட்ட வரிகள் சிவப்பில்தான் வருகின்றன. பாடத்தில் மிக முக்கியமான வரிகளும் அவைதான். அதனால் கிட்டின் அமைப்பில் அந்த நிறத்தை வெளிர்சிவப்பாக, தடித்த எழுத்தாக மாற்றிவிடுவேன். வரித் தொடக்கத்தில் இருக்கும் கூட்டல் கழித்தல் குறிகளை வாய்விட்டும் சொல்வேன். சிவப்பும் பச்சையும் ஒன்றாகத் தெரிகிற கண்களும் பார்க்கின்றனவே.

இனி, மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் பாடம். தொடக்கநிலையில் இருப்பவர்களை கிட்டிலிருந்து துரத்துகிற இடம் இது. நான் அதிகம் உழைத்ததும் இதில்தான்.

ஒரு மெஸ்ஸின் விலைப்பட்டியல். கோப்பில் முதல் வரி: இட்லி 10. மெயின் பிராஞ்சில் ஒருவர் அரிசி விலை ஏறியதால் அதை இட்லி 12 என்று மாற்றுகிறார். இன்னொரு பிராஞ்சில் இன்னொருவர் விலையைத் தொடாமல் பெயரை மட்டும் நெய் இட்லி என்று திருத்துகிறார். இரண்டையும் சேர்த்தால் மோதல். திரையில் ஏழு இடக்குறி, ஏழு சமக்குறி, ஏழு வலக்குறி. நடுவில் இட்லி 12, நெய் இட்லி 10 என்று இரண்டு வரி.

இங்கே கோப்பைத் திறந்து எதையாவது அழிக்கத்தான் கை பறக்கும். பாடத்தின் முதல் பகுதியில் நான் கோப்பைத் திறப்பதே இல்லை. கிட் ஸ்டேட்டஸ் அடிக்கிறேன். இரு பக்கமும் மாற்றப்பட்ட கோப்பு எது என்று அது சொல்கிறது. அதே வெளியீட்டில், மெர்ஜைக் கைவிட என்ன கட்டளை என்பதும் எழுதியிருக்கிறது. மவுஸை அந்த வரியின் மேல் கொண்டுபோய் நிறுத்தி, கிட் மெர்ஜ் அபார்ட் என்று அடிக்கிறேன். எல்லாம் பழையபடி. மறுபடி மெர்ஜ், மறுபடி மோதல், மறுபடி அபார்ட். முதல் வீடியோ இதோடு முடிந்துவிடும். மோதலைத் தீர்க்கவே இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. வெளியே வரும் வாசலைத் தன் கையால் இரண்டு தரம் திறந்து பார்த்தவருக்குத்தான் உள்ளே நின்று நிதானமாக யோசிக்க வரும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாவது வீடியோவில் கோப்பைத் திறக்கிறோம். இட்லி 12, நெய் இட்லி 10. எது சரி? இதை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது. ஒருவர் விலையை ஏற்றினாரா, அல்லது மற்றவர் குறைத்தாரா? மாறுவதற்கு முன் என்ன இருந்தது என்று தெரியாமல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு. இந்த இடத்தில் நான் பேச்சை நிறுத்திவிடுவேன். பார்ப்பவருக்கும் அந்தக் குழப்பம் உறைக்க வேண்டும். பிறகு கிட்டின் அமைப்பில் கான்ஃப்ளிக்ட் ஸ்டைலை டிஃப்3 என்று மாற்றி, மெர்ஜை அபார்ட் செய்து மறுபடி தொடங்குகிறேன். இப்போது இரண்டுக்கும் நடுவில் ஏழு நெடுங்கோடுகளுக்குக் கீழே மூன்றாவது வரி ஒன்று வருகிறது: இட்லி 10. இருவரும் மாற்றுவதற்கு முன் இருந்த வரி அது. உடனே விஷயம் துலங்குகிறது. ஒருவர் விலையை மட்டும் மாற்றியிருக்கிறார், மற்றவர் பெயரை மட்டும். எழுதவேண்டியது நெய் இட்லி 12. இரண்டு பக்கத்திலும் இல்லாத ஒரு வரிதான் சரியான விடை.

எடிட்டரில் இதைப் பொத்தான்களாகக் காட்டி, இதை ஏற்கவும், அதை ஏற்கவும் என்று கேட்கிறார்கள். வசதிதான். பொத்தானில் தொடங்கியவர் மட்டும், விடை இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம் என்பதை வெகுகாலம் கண்டுகொள்வதில்லை. தீர்த்து முடித்ததும் கிட் டிஃப் செக் அடித்து, குறிகள் எங்காவது மிச்சம் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் கமிட். அந்தக் கடைசிப் பார்வையையும் வெட்டாமல் வீடியோவில் வைக்கிறேன்.

இந்தப் பாடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பயிற்சி ரெப்போவில் ஒரு டேக் இருக்கும். நான்காவது கட்டத்தைத் திரும்பப் பதிய வேண்டுமென்றால் அந்த டேகுக்குப் போய் அங்கிருந்தே தொடங்கலாம். பார்ப்பவரும் சிக்கிக்கொண்டால் அதே டேகுக்குப் போய்ச் சேர்ந்துகொள்ளலாம்.

பேசும் முறையில் நான் கடைப்பிடிப்பது இதுதான்: எண்டர் தட்டுவதற்கு முன்னால், என்ன வரும் என்று எதிர்பார்க்கிறேன் என்பதைச் சொல்லிவிடுவது. இப்போது டெஸ்ட் ஓடும், மூன்றாவது டெஸ்ட் விழும் என்று நினைக்கிறேன். எண்டர். விழுந்தால் சரி, விழாவிட்டால் இன்னும் நல்லது, என் கணிப்பு எங்கே பிசகியது என்று பார்ப்பவர் கண்ணெதிரே தேடுகிறேன். அனுபவசாலிகள் ஒவ்வொரு எண்டருக்கும் முன் மனதுக்குள் இந்தக் கணிப்பைச் செய்துகொண்டேதான் இருக்கிறார்கள். அதனால்தான் திரையில் ஏதோ சரியில்லை என்று அரை நொடியில் அவர்களுக்குத் தட்டுப்படுகிறது. அந்த உள்மன ஓட்டத்தைக் குரலாக வெளியே கொண்டுவருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தக் கலை.

அடித்துக்கொண்டே பேசவும் மாட்டேன். திரையில் எழுத்து ஓடும்போது குரல் வேறொன்றைச் சொன்னால் கண்ணும் காதும் ஒன்றையொன்று இழுக்கும். சொல்கிற வாக்கியத்தையே திரையிலும் எழுதிக்காட்டுவது கற்றலைக் குறைக்கக்கூடும் என்று ரிச்சர்ட் மேயர் போன்ற கல்வி உளவியல் அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, சொல், பிறகு அடி, பிறகு கைகளை எடுத்துவிட்டுப் பார். அந்தப் பார் என்ற இடத்தில் இரண்டு மூன்று நொடி மௌனம் வரும். அதை எடிட்டிங்கில் வெட்டிவிடும்படி பலர் சொல்வதுண்டு. நான் வெட்டுவதில்லை. பார்ப்பவர் படிப்பதற்கான நேரம் அது.

எரரைப் படிப்பதில் மொழிக்கு மொழி திசை மாறும். பைத்தானில் டிரேஸ்பேக் நீளமாக வந்தால் கண் நேராகக் கடைசி வரிக்குப் போக வேண்டும். என்ன எரர் என்பது அங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து மேலே ஏறி, நாம் எழுதிய கோப்பின் பெயர் எந்த வரியில் வருகிறது என்று தேட வேண்டும். சி நிரலை ஜிசிசியில் தொகுக்கும்போது இதற்கு நேர்மாறு. முதல் எரரை மட்டும் பார்க்க வேண்டும். ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனால் அதன் விளைவாகக் கீழே பத்து எரர் வரிசைகட்டும். முதலாவதைச் சரிசெய்தால் மற்றவை தாமே உதிரும். கீழிருந்து திருத்தத் தொடங்கிய பிள்ளை அன்றைய லேப் நேரத்தையே இழந்துவிடும். இந்த ஏறுவதும் இறங்குவதும் எழுத்தில் இரண்டு வாக்கியம்தான். மவுஸ் முனை கடைசி வரியில் நின்று, நிதானமாக ஒவ்வொரு வரியாக மேலே ஏறி, நம் கோப்பின் பெயரில் வந்து நிற்பதைப் பார்த்தவர் மறப்பதில்லை.

“அண்ணா, நீங்க அடிச்சதையேதான் அடிச்சேன், எனக்கு மட்டும் வரலை” என்று எழுதுவார்கள். “ஸ்டேட்டஸ் என்னப்பா சொல்லுது?” என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் அந்த வெளியீட்டிலேயே இருக்கும். எனக்கு அனுப்புவதற்காகப் படிக்கும்போது அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாக. படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் தெளிவில்லை என்றால் மூடிவிட்டுப் போய்விடுவார்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலுக்குக் கனமான போர்வை போட்டு, மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் பாதி வேலை முடிந்தது. ஓபிஎஸ் ஸ்டூடியோவில் எம்கேவி வடிவில் பதிவு செய்கிறேன். சாதாரண எம்பி4 கோப்பின் அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். நடுவில் கரண்ட் போனால் கோப்பு திறக்காது. எம்கேவியில் அதுவரை பதிந்தது பிழைக்கும். பிறகு அதே மென்பொருளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம்.

பாடத்தின் நீளம் ஆறேழு நிமிடம். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து ஃபிலிப் குவோவும் அவருடைய சகாக்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வு, 6 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோக்களில் கவனம் தளர்கிறது என்றது. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. 2019இல் வந்த கிட் 2.23இல் ஸ்விட்ச், ரீஸ்டோர் என்ற இரண்டு புதிய கட்டளைகள் சேர்ந்தன. அதுவரை இரண்டு வேலையையும் செக்அவுட் என்ற ஒரே கட்டளை செய்துவந்தது. 2020இல் கிட்ஹப் புதிய ரெப்போக்களின் முதன்மை பிராஞ்சுக்கு மாஸ்டர் என்பதற்குப் பதில் மெயின் என்று பெயர் வைத்தது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப்பில் புஷ் செய்யும்போது கடவுச்சொல் ஏற்கப்படுவதில்லை; டோக்கனோ எஸ்எஸ்ஹெச் சாவியோ வேண்டும். அதற்கு முன் எடுத்த வீடியோக்களில் எல்லோரும் கடவுச்சொல்லைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அடிக்கிற பிள்ளைக்கு வருவது எரர், அதுவும் தன்மேலேயே சந்தேகம் வரும்படியான எரர். ஒரு மணி நேர வீடியோவாக இருந்தால் இந்த ஒரு நிமிட மாற்றத்துக்காக முழுவதையும் தூக்கிப்போட வேண்டும். துண்டு துண்டாக இருந்தால் அந்தத் துண்டை மட்டும் புதிதாகப் பதிந்து மாட்டிவிடலாம். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் கருவியின் பதிப்பு எண்ணை அடித்துக் காட்டுகிறேன். தன் கணினியிலும் அதே எண்ணா என்று பார்க்கிற பழக்கம் அங்கே தொடங்குகிறது.

ஸ்டேட்டஸ் பார்ப்பது, கணிப்பது, அபார்ட் எங்கே என்று முதலில் தேடிவைப்பது, இந்தப் பழக்கங்கள் மட்டும் கட்டளைகளோடு சேர்ந்து மாறுவதில்லை. ஆகவே இவற்றைக் காட்டும் துண்டுகளுக்கு நேரத்தைத் தாராளமாகச் செலவிடுகிறேன். மெனு எங்கே இருக்கிறது, பொத்தான் எந்த மூலையில் என்பவற்றை இரண்டு வரியில் கடந்துவிடுகிறேன்.

ஸ்போக்கன் டுடோரியல் தன் பாடங்களை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வைத்திருக்கிறது. தமிழில் கட்டற்ற மென்பொருள் பற்றி 2012இலிருந்து எழுதிவரும் கணியமும் அப்படியே. நானும் வீடியோவோடு சேர்த்து இரண்டு பத்தி ஸ்கிரிப்டையும், டேக் போட்ட பயிற்சி ரெப்போவையும், பிராம்ப்டையும் நிறத்தையும் அமைக்கும் கோப்பையும் அதே மாதிரி உரிமத்தில் வெளியிடுகிறேன். என் பேச்சு வழக்கு பிடிக்காதவர் தன் ஊர்ப் பேச்சில் பதிந்துகொள்ளலாம். விலைப்பட்டியலில் இட்லிக்குப் பதில் புட்டு என்று மாற்றிக்கொள்ளலாம். முதல் வீடியோவில் மோதலைத் தீர்க்காமல் இரண்டு தரம் அபார்ட் செய்வதை மட்டும் எடுத்துவிட வேண்டாம் என்று ரீட்மீ கோப்பின் முதல் வரியிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.